இரண்டாம் விரல்

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

நர்ஸின் கையிலிருந்த சின்னக் கட்டர் அப்படியே நின்றது.

"வேண்டாம் சிஸ்டர். மருந்து மட்டும் வச்சுக் கட்டிருங்க."

வலிக்குப் பயந்தல்ல. வலி அந்தக் காலை விட்டுப் போய் வெகுநாளாகிறது. சர்க்கரை முதலில் தின்றது அதைத்தான். வலித்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

கால் வீங்க வீங்க, இரண்டாம் விரலில் மெட்டி உள்ளே இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. போர்வையில் கறையைப் பார்த்தபோதும், வெள்ளிக்கிழமை காலுக்குப் பூசிய மஞ்சள் என்றே நினைத்தாள். துவைத்துப் போட்டாள். மறுபடியும் கறை. மறுபடியும் துவைத்தாள்.

போர்வையை மோந்து பார்த்தது கணவர்தான்.

"ஏளா, மஞ்சளுக்கு இந்த வாடை வராதே."

டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். மெட்டியை வெட்டினால்தான் அடியில் இருக்கும் புண்ணைச் சுத்தம் செய்ய முடியும். இல்லையென்றால் விரலை எடுக்க வேண்டி வரும். விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

"மெட்டி பெருசா, காலு பெருசாம்மா?" என்றாள் நர்ஸ்.

அவள் கதவோரம் நின்ற கணவரைப் பார்த்தாள். பதிலை நர்ஸிடம் சொன்னாள்.

"இவுக இருக்கையில நான் எப்படிக் கழட்டுவேன் சிஸ்டர்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவருக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. பஸ் கண்டக்டராக இருந்தவர். இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ளத் தெரியும்.

"நான்தான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன்லா? ஒனக்குக் கால் போயிட்டுன்னா நான் யார் பின்னால நடக்க?"

முழங்கால் நெறிபட, வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். அவள் காலைப் பிடித்தார்.

"ஐயோ, காலைத் தொடாதீங்க. சிஸ்டர் பாக்காங்க."

"அம்மியில தூக்கி வச்சப்போ ஊரே பாத்துச்சே."

நர்ஸ் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அன்று அவர் கை பட்டதும் அவளுக்குக் கூசியது. சிரிப்பை அடக்க முடியவில்லை. மணவறையில் என்ன சிரிப்பு என்று அத்தை இடுப்பில் கிள்ளினாள். அவருக்கோ அவசரம். மெட்டி விரலில் ஏறாமல் ஒரு தடவை அம்மிக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது.

இப்போது அவசரமில்லை. குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"போட்டவன் நான்தான? நானே புடிச்சுக்கிடுதேன். நீங்க வெட்டுங்க சிஸ்டர்."

அவள் காலை இழுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

டக்.

புண் ஆழம்தான். ஆனால் எலும்பு வரை போகவில்லை என்றாள் நர்ஸ். விரல் தப்பிக்கும். அவர் சத்தமாக மூச்சு விட்டார். இவ்வளவு நேரம் அதை எங்கே வைத்திருந்தாரோ.

இடது கால் மெட்டி சோப்புத் தண்ணீருக்கே வழுக்கி வந்துவிட்டது.

கட்டுப் போட்டு முடித்த நர்ஸ், மெட்டிகளை மருந்தில் கழுவி, பஞ்சில் வைத்து அவளிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. வாங்கி எங்கே வைப்பது?

அவர் வாங்கினார். வெட்டிய மெட்டியைக் கொஞ்சம் விரித்தார். தன் காலில், இரண்டாம் விரலில் வைத்து அழுத்தினார். அடுத்ததை அடுத்த காலில்.

"என்னங்க இது!"

"எனக்குச் சக்கரை இல்ல. விரல் சும்மாதான கெடக்கு. ஒனக்கு ஆறுத வரைக்கும் இங்க இருக்கட்டும்."

"ஆறினாலும் அம்மா போடக்கூடாதுங்க ஐயா" என்றாள் நர்ஸ்.

"அப்போ இங்கயே இருக்கட்டும்."

வெளியே நடந்தார்கள். மொசைக் தரையில் மெட்டிச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் அவளுக்கு முன்னால் போய் அவள் வருவதைச் சொன்ன சத்தம். இப்போது பக்கத்தில் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அவள் காலைப் பார்த்தார்கள். பிறகு அவர் காலை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்ற பலகை. அதை நம்பித்தான் அவளும் வெறுங்காலோடு உள்ளே போயிருந்தாள். இனிமேல் யார் எழுதி வைத்தாலும் கழற்றாதீர்கள் என்று நர்ஸ் திட்டி அனுப்பியிருந்தாள்.

அவர் அவளுடைய செருப்பைத் தேடி எடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். கல் இல்லை. ஆணி இல்லை.

குனிந்தார்.

யார் பார்க்கிறார்கள் என்று அவள் திரும்பவில்லை. காலைத் தானே நீட்டினாள்.

அவர் கை பட்டது அவளுக்குத் தெரியவில்லை.

குனிந்து, பட்டதைப் பார்த்துக்கொண்டாள்.