பொட்டு வைத்த மாஸ்க்

தூக்கத்தில் தன் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலெல்லாம் கண் சொருகுகிறது, மாஸ்க் மாட்டினால் மிஷின் காற்றைத் தள்ளி மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் என்று பூங்கோதை வீட்டில் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

"பொம்பளை குறட்டைக்கு ஒரு மிஷினா," என்றாள் மாமியார்.

"குறட்டை விட்டா நல்லாத் தூங்கறேன்னு அர்த்தம்," என்றான் கணவன் கதிர்வேல். எப்போதும் அவளைக் காரோட்ட விட்டுப் பக்கத்து சீட்டில் குறட்டை விட்டபடி வரும் மேதை அவன்.

ஆயுத பூஜையன்று மிக்சி, கிரைண்டரோடு மாஸ்க்குக்கும் சந்தனப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிட்டாள் மாமியார்.

"அது இல்லாம நான் எப்படித் தூங்கறதுங்க அத்தை?"

"பூஜைல வச்சதை விடியறவரைக்கும் தொடக்கூடாது. ஒரு ராத்திரில உசுரா போயிரும்?"

விடிந்ததும் பழனிக்குக் கிளம்பினார்கள். நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் கதிர்வேலின் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். இப்போதெல்லாம் படுத்தவர்களின் மூச்சைக் கட்டிலே கவனித்துக் காரிடம் சொல்லிவிடுகிறது. பூங்கோதை ஸ்டியரிங்கைத் தொட்டதும், ராத்திரி மூச்சு பலமுறை நின்றிருப்பதால் ஓட்ட அனுமதியில்லை என்றது கார்.

"தள்ளு, நான் ஓட்டறேன்," என்று கதிர்வேல் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தான்.

"உங்கள் மூச்சு அவரைவிட அதிக முறை நின்றிருக்கிறது. இறங்குங்கள்," என்றது கார்.

மாமியார் முகம் வெளிறியது. "ஏம்மா, அப்ப இவனுக்கும் அந்த மிஷின் வாங்கோணுமா?"

"வாங்கலாங்க அத்தை. சந்தனம் மிச்சம் இருக்குதா பாருங்க."