முழுப் படம்

"சத்தியமா சொல்றேங்க, அந்தக் கேமரா நம்ம பால்கனியைத்தான் பார்த்துட்டிருக்கு."

திரைச்சீலையை ஒரு விரல் அகலம் விலக்கிக் காட்டினாள். எதிர்க் கட்டடத்தில், அதே நாலாவது மாடியில், முக்காலிமேல் ஒரு கறுப்புக் கேமரா. முன்னால் முழங்கை நீளத்துக்கு லென்ஸ்.

"அந்தம்மா ஊர் ஊராப் போய் கரடி, சிறுத்தையெல்லாம் படம் எடுக்கிறவங்களாம்" என்றான் கணவன்.

"இங்க ஏது சிறுத்தை?"

"ஏன், நீ இருக்கியே."

அவள் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. நம்ம வாலு தினமும் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறா. ரெண்டு வயசுப் பிள்ளை. மூணு வாரமா எடுத்திருக்கா அந்தப் பொம்பளை. படமெல்லாம் எங்கெங்க போகுதோ!"

அழைப்பு மணி அடித்தது. குடியிருப்புக்கு எப்போதும் வரும் வெல்டர், கையில் கருவிப் பையோடு.

"பால்கனிக் கம்பியைப் பார்க்கச் சொன்னாங்கம்மா."

"பாருங்க, நம்ம குடியிருப்புச் சங்கத்துக்காவது நம்ம மேல அக்கறை இருக்கு. வாங்கண்ணா. என்னங்க, வாலுவைப் பிடிச்சுக்குங்க. நான் செயலாளரைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு கை பார்த்துட்டு வர்றேன்."

எதிர்வீட்டுக் கதவு திறக்கச் சற்று நேரமானது. கேமராக்காரிக்கு வலது கால் முழுக்கக் கட்டு. ஊன்றுகோலில் நின்றாள்.

"மேடம், ஒரு சின்னப் புகார்..." என்று இழுத்தார் செயலாளர்.

"சின்னது இல்ல, பெரிசு" என்றாள் இவள்.

"குழந்தை இப்போ பால்கனியில இல்லையே?" கேமராக்காரி முதலில் கேட்டது அதைத்தான்.

"என் குழந்தை எங்க இருந்தா உங்களுக்கென்ன?"

"சரி, உட்காருங்க."

யாரும் உட்காரவில்லை. கேமராக்காரி கணினியைத் திறந்தாள்.

"உங்க பால்கனிக்கு மேல, ஏசி பெட்டிக்கு விட்ட மாடத்துல ஒரு வல்லூறு ஜோடி குஞ்சு பொரிச்சிருக்கு. பனிமலை, பாலைவனம்னு எங்கெல்லாமோ தேடினேன். கால் ஒடிஞ்சு உட்கார்ந்தா எதிர்ச் சுவத்துலயே இருக்கு!"

திரை முழுக்க வல்லூறு. சிறகை அகல விரித்து, தலைகீழாகக் கீழே பாய்கிறது. ஒவ்வொரு இறகையும் எண்ணலாம். செயலாளர் வாயைப் பிளந்தார். இவளும் ஒரு கணம் மறந்துதான் போனாள்.

பிறகு கண்ணில் பட்டது. படத்தின் கீழ் மூலையில், கம்பியைப் பிடித்தபடி அவள் மகள்.

"இதோ! இதுக்கு என்ன சொல்றீங்க?"

"பறவை எந்தப் பக்கம் பாயும்னு தெரியாது. அதனால சுத்தி நிறைய இடம் விட்டுத்தான் எடுப்பேன். அறுபது மெகாபிக்சல். அப்புறம் வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்தாலும் தெளிவு குறையாது. பாப்பாவை வெட்டிட்டுத்தான் வெளியில காட்டுவேன்."

"வெட்டாத படம்?"

"அதையும் நான் கலந்துக்கிற போட்டிக்கு அனுப்பணும். நடுவர்கள் சரிபார்ப்பாங்க."

"அப்போ யார் யாரோ என் பொண்ணைப் பார்ப்பாங்க."

"அஞ்சு பேர் பார்ப்பாங்க" என்றாள் கேமராக்காரி ஒளிக்காமல்.

"அழிங்க. எல்லாத்தையும்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "நாளைக்குத்தானே மேடம் கடைசி நாள்? ஜெயிச்சா பனிக்கரடி இருக்கிற இடத்துக்கு ஒரு மாசம் அனுப்புவாங்கன்னு லிஃப்ட்ல சொன்னீங்களே..."

"சார், நீங்க யார் பக்கம்?"

அவர் வாசல் பக்கம் ஓரடி நகர்ந்துகொண்டார்.

"மூணு வாரத்துல இந்த ஒரு தடவைதான் அது இப்படிப் பாஞ்சுது." கேமராக்காரி திரையைப் பார்த்தே சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "பெத்தவ வேண்டாம்னா வேண்டாம்தான். நீங்க கேட்கிறது நியாயம்."

கேமராவில் அழித்தாள். கணினியில் அழித்தாள்.

"குப்பைத்தொட்டியிலயும் இருக்குமே" என்றாள் இவள். அதுவும் காலியானது.

திரும்பி வரும்போது இவள் நடையே மாறியிருந்தது.

"பார்த்தீங்களா சார்? நிமிர்ந்து நின்னு கேட்டா நடக்குது. எல்லாத்துக்கும் பயந்துக்கிட்டே இருந்தா பிள்ளை வளர்க்க முடியுமா?"

செயலாளர் பின்தொடர, வீட்டுக்குள் நுழைந்தாள். கணவன் மகளை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னாச்சுங்க?"

வெல்டர்தான் பதில் சொன்னார். "அடியில ரெண்டு போல்ட்டு இல்லவே இல்லம்மா. மூணாவது துருப்பிடிச்சு, தொட்டதும் கையோட வந்துடுச்சு. பாப்பா இன்னொரு தடவை ஏறிச் சாஞ்சிருந்தா..." கம்பியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிக் காட்டினார். "இப்போ யானை வந்து முட்டினாலும் அசையாது."

மகளை வாங்கி அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார்... சங்கத்துக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நான் யாரையும் அனுப்பலையேம்மா" என்றார் செயலாளர். "ஏம்ப்பா, உன்னை யார் வரச் சொன்னது?"

வெல்டர் தலையைச் சொறிந்தார். பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பெரிதாக அச்செடுத்த படம். போல்ட் இல்லாத ஓட்டை, அதைச் சுற்றிய துரு, கீழ்க்கம்பியில் ஏறி நிற்கும் ஒரு குட்டிப் பாதம். எல்லாம் கண்ணாடிபோலத் தெளிவு. மேல் ஓரத்தில் ஒரு வல்லூற்றின் சிறகு நுனி மட்டும், பாதியில் வெட்டுப்பட்டு.

"எதிர்வீட்டுக் கேமரா அம்மாதான் விடிஞ்சதும் விடியாததுமா போன் போட்டு வரவழைச்சு இதைக் குடுத்தாங்க. 'என் பேரைச் சொல்லாதே, பாவம் அந்தப் பொண்ணு ஏற்கெனவே என்னைப் பார்த்துப் பயந்துக்கிட்டிருக்கு'ன்னாங்க."