மணிப்பட்டை

ஃப்ளாட்டைக் காலி செய்தவர், மொட்டைமாடியில் விட்டுப்போன ஓநாய்க் கலப்பு நாயை மீட்க விலங்கு மீட்புக் குழுவிலிருந்து பிலோமினா வந்திருந்தாள். குட்டியாக இருந்தபோது கட்டிய மணிப்பட்டை, வளர்ந்த கழுத்தில் புதைந்து புண்ணாகியிருந்தது.

“கிட்டப் போகாதீங்க மேடம், அது பாதி ஓநாய்” என்று படியிலேயே நின்றுகொண்டார் வாட்ச்மேன் ஏகாம்பரம்.

பட்டைக்குள் அவள் கத்தரியை நுழைத்ததும், நாய் அவள் மணிக்கட்டைக் கவ்வியது. எலும்பை நொறுக்கக்கூடிய பற்கள் தோலின் மேல் சும்மா கிடந்தன. பட்டை அறும்வரை அவள் மூச்சு விடவில்லை, அதுவும் அசையவில்லை. அறுந்ததும் கையை விட்டது.

விழுந்த பட்டையை வாயில் எடுத்துக்கொண்டு மணி கிணுகிணுக்கப் படியிறங்கி, பூட்டியிருந்த தன் பழைய ஃப்ளாட்டின் வாசலில் வைத்தது. திரும்பிப் பார்க்காமல் அவளுடைய வேனை நோக்கி நடந்தது.

கார்களுக்கு வைக்கும் சல்யூட்டை ஏகாம்பரம் தன்னையறியாமல் அதற்கு வைத்தார்.