பச்சையாகாத சட்டைகள்

சொல்வது புரிந்தால் மாணவர்களின் சீருடை பச்சையாக மாறும். தில்லைக்கரசி டீச்சரின் வகுப்போ இயற்கணிதம் தொடங்கிய நாள்முதல் சாம்பல் நிறத்திலேயே அமர்ந்திருந்தது. இன்றும் நிறம் மாறாவிட்டால் அவருக்கு மலைமேல் பள்ளிக்கு மாற்றல் என்று அறிவித்துவிட்டு, ஆய்வாளர் ஞானதுரை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

எக்ஸ் கூட்டல் ஐந்து சமம் பன்னிரண்டு. டீச்சர் தொண்டை வறள விளக்கியும் சட்டைகள் நிறம் மாறவில்லை. அந்நேரம் மாணவி மும்தாஜ் தோழியின் காதில் ஏதோ ஊர்வம்பைக் கிசுகிசுத்தாள். தோழியின் சட்டை பளிச்சென்று பச்சையானது.

அதைக் கவனித்த டீச்சர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா. இந்த அஞ்சு இருக்கே, எக்ஸோட ஒத்துமையாத்தான் இருந்துச்சு. திடீர்னு கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் பன்னெண்டு வீட்டுக்குப் போயிருச்சு. போனதும் ஆளே மாறி மைனஸாயிருச்சு!"

"ஐயையோ!"

"பன்னெண்டோட சொத்துல அஞ்சு காலி. மிச்சம் எவ்வளவுங்கிறீங்க?"

"ஏழு!" என்று மூச்சுவிடாமல் கிசுகிசுத்த வகுப்பு, நடவு முடிந்த வயலைப்போலப் பச்சையாகியது.

மாற்றல் ஆணையை நான்காக மடித்துப் பைக்குள் செருகிய ஆய்வாளர், எப்போது முன்பெஞ்சுக்கு நகர்ந்தாரோ தெரியவில்லை.

"அது சரி டீச்சர்," என்றார் தணிந்த குரலில், "இதெல்லாம் எக்ஸுக்குத் தெரியுமா?"