வேரின் குறுக்குவெட்டு

"மேடம், இந்தப் படத்தை வரைஞ்சது யாரு?"

எங்கள் கல்லூரி நூலகர் கேட்டார்.

பாடக்குறிப்புகளைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கமும், யாருடையது என்று பார்க்கும் அவரைத் தாண்டியாக வேண்டும். மனிதர் விடாக்கண்டன். பாடநூல் அத்தியாயத்தை ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார். எழுதியவர் பெயர் போட்ட கட்டுரைகளையும் விட்டுவிட்டார். வேரின் குறுக்குவெட்டுப் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இருபத்தாறு வருடங்களாக, அந்தப் படம் இருக்கும் பதினெட்டுப் பக்கக் கையெழுத்துக் குறிப்புகளை வைத்துத்தான் நான் தாவரவியல் நடத்துகிறேன். நகலுக்கு நகல் எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போனாலும் படங்கள் அத்தனை துல்லியம்.

வரைந்தவள் கல்லூரியில் என் பெஞ்சுத் தோழி. மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் நான் படுத்துக் கிடந்தபோது எனக்கென்று தனியாக உட்கார்ந்து இந்தக் குறிப்புகளை எழுதி, வரைந்து தந்தாள். பென்சிலைப் பிளேடால் சீவிச் சீவி ஊசியாக்குவாள். சீவல் முழுக்க என் மடியில்தான் விழும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

கடைசி வருடத் தேர்வுக்கு முன்பே அவளுக்குக் கல்யாணம். படிப்பு அதோடு நின்றுபோனது.

பக்கத்துக்குப் பக்கம் மூலையில் தன் பெயரை எழுதுவது அவள் பழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், நகல் எடுக்கையில் அந்தப் பெயர்மேல் ஒரு துண்டுத்தாளை வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

வரைந்தவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்றார் நூலகர்.

எடுத்துவிடலாம்தான். ஆனால் அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு சாக்கு கிடைக்காது.

பழைய வகுப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண் இருந்தது. ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. வராந்தாவில் நின்று, துண்டுத்தாள் உட்பட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

சிரித்தாள். அதே சிரிப்பு. இப்போதே எழுதி அனுப்புவதாகச் சொன்னாள்.

"எம் பொண்ணு உன்கிட்டதான்டி படிச்சா. ஒரு நாள் அந்த வேர்ப் படத்தைக் கொண்டுவந்து காட்டினா. 'எங்க மேடம் எப்படி வரைஞ்சிருக்காங்க பாரும்மா, நீயும் காலேஜ் முடிச்சிருந்தா இப்படி வரைஞ்சிருப்பே'ன்னா."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"'உங்க மேடம் கெட்டிக்காரிதான், நல்லாப் படி'ன்னு சொன்னேன்."