டோக்கன் 9,218

என் மனைவி நிறைமதி விபத்தில் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. மாவட்டத்துக்கே பிரேதப் பரிசோதனை செய்ய ஒரே ஒரு டாக்டர். நிறைமதியின் டோக்கன் 9,218. இப்போது 1,900 நடக்கிறது. பரிசோதனை முடியாமல் உடலும் கிடைக்காது, இறப்புச் சான்றிதழும் கிடைக்காது.

இந்தப் பற்றாக்குறையை ஆராய மருத்துவ மாணவி பெனிட்டா படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"உங்க சிரமத்துக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் சார்?"

"இன்னிக்கு மூணு. போன வாரம் ஓட்டுப் போட அவ பேருக்கு பூத் சிலிப் வந்தப்போ அஞ்சு."

"திருமணமானவரா, மனைவியை இழந்தவரா?"

"கவர்மென்ட் கணக்குப்படி திருமணமானவர்."

பெனிட்டா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

எட்டு மாதம் கழித்துப் படிவமில்லாமல் வந்தாள்.

"யாருமே பிரேதப் பரிசோதனைப் படிப்புல சேர்றதில்லைன்னு நூறு பக்கம் எழுதினேன் சார். நூறாவது பக்கத்துல வெட்கமாப் போச்சு. நானே சேர்ந்துட்டேன். அம்மா பேச்சை நிறுத்திட்டாங்க."

"எப்போ முடியும்?"

"மூணு வருஷம். 9,218 நான்தான் பார்ப்பேன். அதுவரைக்கும் அவங்களைப் பொறுத்துக்கச் சொல்லுங்க."

"பொறுத்துப்பா," என்றேன். "எங்க முகூர்த்தத்துக்கே லேட்டா வந்தவ."