சிரித்தால் எடுக்கும்

மகளை அடக்கம் செய்து ஒரு வருடம் ஆகிவிட்டது. லீலாபாய் தேறிவிட்டாள், பழையபடி சிரிக்கிறாள் என்று ஊரே சொன்னது. அவள் கணவன் தாசையனும் அதை நம்பித்தான் அந்தச் சின்ன டிஜிட்டல் கேமராவை வாங்கிவந்தான். மகள் இல்லாத படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கொடியில் காய்ந்த புடவையை ஜூம் செய்து பார்த்தான். கட்டிலுக்கடியில் கிடந்த பூனையை ஃபிளாஷ் போட்டு எடுத்தான். எல்லாம் பளிச்சென்று வந்தது. மிச்சம் ஒன்றுதான். எதிரே இருப்பவர் சிரித்தால் கேமரா தானாகவே படம் எடுக்குமாம்.

"இங்க பாரு லீலா, சிரி."

அவள் சிரித்தாள். கேமரா சும்மா இருந்தது.

"பல்லு தெரியச் சிரிடீ."

"இதுக்கு மேல சிரிச்சா பைத்தியம்னு சொல்லுவாவ. கேமராவுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. மாத்திட்டு வாங்க."

கடைக்காரர் கேமராவை டீ கொண்டுவந்தவன் பக்கம் திருப்பினார். "என்னடே, மாமியாரு ஊருக்குப் போயிட்டாவளாமே?" அவன் சிரித்ததும் டக்கென்று எடுத்தது.

"நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி. நீங்க யார வச்சுப் பாத்திய?"

தாசையன் கேமராவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"கடைக்காரன் என்ன சொன்னான்?" வாசலிலேயே கேட்டாள் லீலாபாய்.

"கேமராதான் ரிப்பேராம்."

"நான்தான் சொன்னேன்லா" என்று அவள் சிரித்தாள். தாசையன் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தான்.